பறக்கும் குரங்கு யாருடைய ஆள்? சூப்பர் ஹீரோ படங்களில் வரும் ‘ரெஃபரன்ஸ்’ பற்றி ஓர் எளிய விளக்கம்

போன பள்ளி விடுமுறையில் ஒரு மத்தியானம், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை ஒரே சோபாவில் உட்கார்ந்து, 2012-இல் வந்த ‘தி அவெஞ்சர்ஸ்’ படத்தைப் பார்த்தோம். அப்பாவுக்கு 76 வயது. தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியே காலத்தை ஓட்டியவர். அக்கா மகனுக்கு 17, படிவம் ஐந்து. நடுவில் ஐம்பதைத் தொட்டுக்கொண்டு நான். திரைக்கு அடியில் மலாய் எழுத்து ஓடத்தான் செய்தது. ஆனால் அப்பா கண்ணாடியைச் சரிசெய்து படிக்கத் தொடங்குவதற்குள் அது மறைந்துவிடும். அதனால் மருமகன் பக்கத்தில் இருந்து வசனத்தை உடனுக்குடன் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான்.

ஒரு காட்சி. லோக்கி என்ற வில்லன் இரண்டு கெட்டிக்காரர்களின் மனத்தை மயக்கித் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறான். ‘என் ஆட்களை எப்படித் தன் பறக்கும் குரங்குகளாக மாற்றினான் என்று தெரிய வேண்டும்’ என்கிற மாதிரி, நாயகர்களை ஒன்றுசேர்த்த உளவு அமைப்பின் தலைவர் நிக் ஃப்யூரி பேசுகிறார். தோர் வேற்றுலக ஆள். ‘குரங்கா, எனக்கு விளங்கவில்லையே’ என்கிறார். உடனே கேப்டன் அமெரிக்கா முகம் மலர்ந்து, தனக்கு அது விளங்கிவிட்டது என்று முந்திக்கொண்டு சொல்கிறார். மருமகன் விழுந்து விழுந்து சிரித்தான். எதற்கென்று தெரியாமலே நானும் சிரித்துவைத்தேன். அப்பா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்:

“ஏன்யா, அனுமார் நல்லவருதானே? அவர எதுக்குக் கெட்டவன் ஆளுன்னு சொல்றான்?”

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் கொடுக்க நினைத்த பதில்தான். அன்றைக்குச் சொல்ல வரவில்லை.

முதலில் குரங்கு விஷயத்தை முடித்துவிடுவோம். 1939-இல் ‘தி விசர்ட் ஆஃப் ஓஸ்’ என்று ஓர் அமெரிக்கப் படம் வந்தது. அதில் ஒரு சூனியக்காரி இருக்கிறாள். அவள் ஏவினால் சிறகு முளைத்த குரங்குகள் பறந்து போய் ஆளைத் தூக்கிவரும். அமெரிக்காவில் அந்தப் படம் தலைமுறை தலைமுறையாகத் தொலைக்காட்சியில் ஓடியது. அதனால் அங்கே ‘பறக்கும் குரங்கு’ என்றால், கெட்டவன் சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற அடியாள் என்று பெரும்பாலோருக்குத் தெரியும். நம் ஊரில் பறக்கும் குரங்கு என்றால் வேறு யார் நினைவுக்கு வருவார்? சஞ்சீவி மலையைத் தூக்கி வந்தவர்தான். அப்பாவின் காதில் அந்த வசனம் தப்பாக விழவில்லை. விழுந்த இடத்தில் வேறொரு கதை ஏற்கெனவே குடியிருந்தது, அவ்வளவுதான்.

சரி, ரெஃபரன்ஸ் என்றால் என்ன? ஒரு படம் தனக்கு வெளியே இருக்கிற ஒன்றை, அது வேறு படமோ பாட்டோ விளம்பரமோ ஆளோ எதுவானாலும், பேர் சொல்லியோ சொல்லாமலோ தொட்டுவிட்டுப் போவது. பாதியைத்தான் படம் சொல்லும். மறு பாதியைப் பார்க்கிறவர் தன் ஞாபகத்திலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். ஞாபகத்தில் அது இருந்தால் சிரிப்பு வரும், சில சமயம் கண்ணீரும் வரும். இல்லாவிட்டால் எல்லாரும் சிரிக்கிற நேரத்தில் நாம் மட்டும் பாப்கார்னைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

இது ஹாலிவுட்காரர்கள் கண்டுபிடித்த வித்தை என்று நினைக்க வேண்டாம். காலையில் எழுந்திருக்காத பிள்ளையை ‘கும்பகர்ணன்’ என்கிறோம். வீட்டுக்குள் மூட்டிவிடுகிறவரை ‘சகுனி’ என்கிறோம். கேட்டதற்கெல்லாம் எடுத்துக் கொடுப்பவரை ‘பெரிய கர்ணன்தான்’ என்கிறோம். முல்லைக் கொடிக்குத் தேர் கொடுத்த பாரியைச் சங்கப் பாட்டிலேயே போகிற போக்கில் தொட்டுவிட்டுப் போகிறார்கள். இலக்கியம் படித்தவர்கள் இதை ‘ஊடிழைப்பிரதி’ என்பார்கள். 1966-இல் ஜூலியா கிறிஸ்தேவா என்பவர் கொண்டுவந்த சொல்லுக்குத் தமிழாக்கம் அது. நமக்கு அந்தக் கனமான பேர் தேவையில்லை.

எங்கள் ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அப்பாவிடம் பிறந்த வருடத்தைக் கேட்டால் எண் வராது. “தொரமாருங்கள சுட்ட வருசத்துக்கு மறு வருசம்” என்பார். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்துதான் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு, 1960 வரை நீடித்தது. அப்பாவின் வயதுக்காரர்களுக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். முள்வேலி, ஊரடங்கு, அரிசியை அளந்து கொடுத்தது என்று வரிசையாக எல்லாம் கண் முன்னால் வரும். மருமகனுக்கு அதே 1948 வரலாற்றுப் பாடத்தில் மதிப்பெண் வாங்கித் தரும் ஓர் ஆண்டு. “எந்தத் துரை தாத்தா? ஸ்கூல்ல நம்ம துரை சாரா?” என்று சின்ன வயதில் அவன் கேட்டிருக்கிறான். தலைமுறை இடைவெளி என்று பெரிதாகப் பேசுகிறோமே, அது இந்த அளவுக்குச் சின்ன விஷயம்தான். சொல்லுக்குப் பின்னால் இருக்கும் படம் ஒருவருக்குத் தெரிகிறது, இன்னொருவருக்குத் தெரியவில்லை.

திரும்பக் குரங்குக்கு வருவோம். அந்தக் காட்சியை நான் பாடமாகவே எடுத்துக்கொள்வேன். கதைப்படி கேப்டன் அமெரிக்கா என்கிற ஸ்டீவ் ரோஜர்ஸ் 1918-இல் பிறந்தவர். 1945-இல் பனிக்கட்டிக்குள் உறைந்துபோய் நம் காலத்தில்தான் கண் விழிக்கிறார். கிட்டத்தட்ட 70 ஆண்டு காணாமல் போயிற்று. சுற்றியிருப்பவர்கள் பேசுகிற எதுவும் அவருக்குப் பிடிபடவில்லை. ஓஸ் படம் வந்தது 1939, அவர் உறைவதற்கு முன்னால். ஆக, கூட்டத்தில் முதல் தடவையாக அவருக்கு ஒன்று தெரிந்திருக்கிறது. அந்தச் சந்தோஷத்தை அடக்க முடியாமல் உளறிவிடுகிறார்.

இதில் இரண்டு அடுக்கு இருக்கிறது. ஓஸ் படம் பார்த்தவர்களுக்குக் குரங்கே சிரிப்பு. பார்க்காதவர்களுக்கு, ‘அப்பாடா, எனக்கும் ஒண்ணு தெரிஞ்சிருச்சு’ என்கிற அந்த மனிதரின் பெருமை சிரிப்பு. என் மருமகன் ஓஸ் படத்தைப் பார்த்ததே இல்லை. இருந்தும் வயிறு வலிக்கச் சிரித்தான். மறு பாதி தெரியாதவனையும் வெளியே நிறுத்தாமல் உட்கார வைத்தால் அது நல்ல ரெஃபரன்ஸ் என்பது என் கணக்கு.

இதற்குள்ளேயே பல சாதி உண்டு. படத்தில் எங்கேயாவது ஒளித்துவைத்து, கண்டுபிடித்தவனுக்கு மட்டும் கிடைக்கிற மாதிரி வைப்பதை ‘ஈஸ்டர் எக்’ என்கிறார்கள். 1980-இல் அட்டாரி நிறுவனத்தின் ‘அட்வென்சர்’ என்ற வீடியோ விளையாட்டில், அதை உருவாக்கியவர் தன் பேரை ஓர் அறைக்குள் ஒளித்துவைத்தார். நிறுவனம் பேர் போடாத கோபம். அதிலிருந்து பரவிய சொல் அது. தெரிந்த முகம் ஒரு நிமிடம் வந்துவிட்டுப் போனால் ‘கேமியோ’. இந்த நாயகர்களின் கதைகளை வெளியிடும் மார்வெல் நிறுவனத்தின் படங்களில், அவர்களில் பலரை உருவாக்கிய ஸ்டான் லீ வந்து போவாரே, அது. இன்னொரு வகை சத்தமே போடாது. 2014-இல் வந்த ‘வின்டர் சோல்ஜர்’ என்ற கேப்டன் அமெரிக்கா படத்தில் நிக் ஃப்யூரியின் கல்லறையில் பைபிளிலிருந்து எசேக்கியேல் 25:17 என்று பொறித்திருக்கும். அந்த வேடத்தில் நடிக்கும் சாமுவேல் ஜாக்சன் 1994-இல் வேறொரு படத்தில் அதே வசனத்தை முழங்கிப் பேர் வாங்கியவர். தெரிந்தவன் தனக்குள் சிரித்துக்கொள்வான். தெரியாதவனுக்கு அது வெறும் கல்லறை. யாருக்கும் நட்டமில்லை.

இனி இடைவெளிக்குப் போவோம். 2016-இல் வந்த ‘சிவில் வார்’ படத்தில் விமான நிலையச் சண்டை. எதிரில் ஒருவர் மலை மாதிரி வளர்ந்து நிற்கிறார். பையன் ஸ்பைடர்-மேன், ‘அந்த ரொம்பப் பழைய படம்’ என்று ஆரம்பித்து, ‘எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’ படத்தில் ராட்சத நடை இயந்திரங்களின் காலைக் கயிற்றால் சுற்றி விழவைத்த உத்தியைச் சொல்கிறான். பெரியவர் ஒருவர் ‘இவனுக்கு என்னதான் வயது’ என்று நொந்துகொள்கிறார். அந்தப் படம் 1980-இல் வந்தது. அமெரிக்காவில் அதைப் பிள்ளைப்பருவத்தில் பார்த்தவர்களுக்கு, தங்கள் இளமையை ஒரு பொடியன் ‘ரொம்பப் பழசு’ என்றதும் சுருக்கென்றது. காட்சியின் வேடிக்கையே அந்தச் சுருக்கில்தான் இருக்கிறது.

ஈப்போவில் தியேட்டரில் நான் அந்தப் படம் பார்த்தபோது, எங்கள் வரிசையில் என் வயதுக்காரர்கள் நாலைந்து பேர் இருந்தோம். ஒருவருக்கும் சுருக்கென்று குத்தவில்லை. ஏனென்றால் நாங்கள் யாரும் அந்தப் படத்தைச் சின்ன வயதில் பார்த்ததில்லை. 1980 என்றால் எங்களுக்கு ‘பில்லா’. அதுவும் அந்த வருடமே வந்து சேர்ந்துவிடவில்லை. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டி, பாய் விரித்து உட்கார்ந்து நாங்கள் பார்த்தது சில வருடம் கழித்துத்தான். திரையின் பின்பக்கம் உட்கார்ந்தால் ரஜினி இடது கையால் சண்டை போடுவார். அதற்கென்றே பின்பக்கம் போகிற பையன்கள் உண்டு.

இங்கேதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இருக்கிறது. ‘தலைமுறை இடைவெளி’ என்ற சொல் நம்மை ஏமாற்றிவிடுகிறது. ஏதோ வயதுதான் காரணம் என்கிற மாதிரி இருக்கிறது. நியூயார்க்கில் இருக்கும் ஐம்பது வயதுக்காரருக்கும் எனக்கும் ஒரே வயது, ஆனால் ஞாபகம் வேறு. எந்தக் காலத்தில் பிறந்தோம் என்பதைவிட, எந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தோம் என்பதுதான் யாருக்கு எது விளங்கும் என்று தீர்மானிக்கிறது. தோட்டத்துக்கு எது வந்தது, எப்போது வந்தது, எது வராமலே போயிற்று என்று பார்க்க வேண்டும்.

வந்ததும் உண்டு. 1984-இல் டிவி3 ஒளிபரப்பைத் தொடங்கியது. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், டிவி இருந்த வீடு நாலைந்துதான். பேசும் கார் வருகிற ‘நைட் ரைடர்’ தொடருக்கு, எங்கள் லயத்துப் பையன்கள் எல்லாரும் கிராணி (தோட்டத்து எழுத்தர்) வீட்டு ஜன்னலில் தொங்குவோம். பல வருடம் கழித்து, 2017-இல் ‘கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி’யின் இரண்டாம் பாகம் பார்த்தேன். பீட்டர் குவில் என்கிற நாயகன், அப்பா இல்லாமல் வளர்ந்தவன், சின்ன வயதில் அந்தத் தொடரின் நாயகன் டேவிட் ஹாசல்ஹாஃப்தான் தன் அப்பா என்று மற்ற பிள்ளைகளிடம் புளுகியிருக்கிறான். அவனுடைய கூட்டாளி கமோரா அந்தப் பேரைக் கன்னாபின்னாவென்று மாற்றிச் சொல்வாள். எனக்குச் சிரிப்பு பீறிட்டது. பக்கத்தில் அப்போது ஒன்பது வயதுப் பையனாக இருந்த மருமகன், “என்ன மாமா?” என்று முழித்தான். அன்றைக்கு நான்தான் கேப்டன் அமெரிக்கா. எனக்கு விளங்கிவிட்டது!

சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் வேறு மாதிரி ஆகிவிட்டது. அப்பா இல்லாத பையன் டிவியில் ஒருவரைப் பார்த்து இவர்தான் என் அப்பா என்று சொல்லிக்கொண்டு திரிவது வெறும் ஜோக் இல்லையே. ஹாசல்ஹாஃப் யாரென்று தெரியாதவருக்கும் அந்த வலி எட்டும். தெரிந்தவனுக்குக் கிராணி வீட்டு ஜன்னலும் சேர்ந்து எட்டும்.

அதே குவிலின் கதையில், 2014-இல் வந்த முதல் பாகத்தில், ஒரு வாக்மேனும் கேசட்டும் வரும். 1988-இல் அம்மா சாகும் நாளில் பூமியை விட்டுப் போனவன் அவன். அம்மா தொகுத்துக் கொடுத்த 1960, 70-களின் பாட்டு கேசட் ஒன்றுதான் அவனிடம் மிச்சம். அந்தப் பாட்டுகளில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. கேசட்டைத் தெரியும். அண்ணன் முதல் சம்பளத்தில், பன்னிரண்டு இளையராஜா பாட்டுக்குத் தாளில் பட்டியல் எழுதிக்கொண்டு போய், பட்டணத்துக் கடையில் பதிந்து வாங்கி வந்தான். பாட்டு கடல் தாண்டவில்லை, பொருள் தாண்டிவிட்டது. இளையவர்களுக்கோ பொருளும் தெரியாது, பாட்டும் தெரியாது. இருந்தும் அந்தப் படத்தின் பழைய பாட்டுத் தொகுப்பு 2014-இல் அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் முதலிடத்துக்குப் போயிற்று.

ஏன் இத்தனை 80-கள், 70-கள் என்று கேட்கலாம். படத்தை எடுக்கிறவர்களின் பிறந்த வருடத்தைப் பாருங்கள். கார்டியன்ஸ் இயக்குநர் ஜேம்ஸ் கன் 1966-இல் பிறந்தவர். சிவில் வார், வின்டர் சோல்ஜர் எடுத்த ரூஸோ சகோதரர்கள் 1970, 1971. 2018-இல் வந்த ‘இன்ஃபினிட்டி வார்’ படத்திலும் ஸ்பைடர்-மேன் ஒரு பழைய படத்தைச் சொல்லித்தான் எதிரியை விண்வெளிக்குள் தூக்கி எறிய வழி சொல்கிறான். அது ‘ஏலியன்ஸ்’, 1986. பள்ளிக்கூடம் போகிற பையன் எப்போது பார்த்தாலும் தன் அப்பா காலத்துப் படமாகவே உதாரணம் காட்டுவானா? நாற்பது தாண்டியவர்களின் ஞாபகத்தைப் பையன் வாயில் வைத்து, ‘பழைய படம்’ என்ற அடைமொழியைப் போட்டுச் சமாளித்திருக்கிறார்கள். திட்டுவதற்காகச் சொல்லவில்லை. நான் கதை எழுதினாலும் அதில் திடல் படம் வராமல் போகாது.

மருமகன் விஷயம் இன்னும் விசித்திரம். ரெஃபரன்ஸ் அவனுக்குப் பின்பக்க வாசல் வழியாக வருகிறது. 2021-இல் வந்த ‘நோ வே ஹோம்’ படத்தில் மூன்று ஸ்பைடர்-மேன்கள் ஒன்றாக நிற்பார்கள். 2002-இல் தொடங்கிய டோபி மக்வயர், 2012-இல் வந்த ஆண்ட்ரூ கார்ஃபீல்ட், இப்போதைய டாம் ஹாலண்ட். என் பெரியப்பா பேரனுக்கு முப்பது வயது இருக்கும். 2002 படத்தைப் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய திருட்டு விசிடியில் தேயத் தேயப் பார்த்தவன். டோபி வந்ததும் தியேட்டரிலேயே கண் கலங்கினான். அந்தப் படத்தில் வில்லன் நார்மன், தானும் ஒரு விஞ்ஞானிதான் என்கிற பழைய வசனத்தைத் திரும்பச் சொன்னபோது, அவனைவிடச் சத்தமாகச் சிரித்தது சின்னவன். 2002 படத்தை அவன் முழுதாகப் பார்த்ததுகூடக் கிடையாது. இணையத்தில் மீம் ஆக நூறு தடவை பார்த்திருக்கிறான். அது ஒரு படத்து வசனம் என்பதே பிறகுதான் தெரியுமாம்.

ஆகவே 1980-களில் வாழ்ந்த எனக்குத் தெரியாத அமெரிக்க 1980-கள், 2008-இல் பிறந்த அவனுக்கு ஓரளவு தெரியும். சாதாரணமாகப் பெரியவர் சிறியவருக்கு விளக்குவார். எங்கள் வீட்டில் தலைகீழ். பழைய படத்துக்குச் சின்னவன் உரை சொல்கிறான், பெரியவர்கள் கேட்டுக்கொள்கிறோம். இணையம் கைக்குள் வந்த பிறகு தோட்டமும் நியூயார்க்கும் அவன் தலைமுறைக்கு ஒரே திரை. எங்களுக்கு அப்படி இருந்ததில்லை.

தமிழ்ப் படம் என்றால் மட்டும் தராசு எங்கள் பக்கம் சாயும். 2024-இல் ‘லப்பர் பந்து’ வந்தது. சூப்பர் ஹீரோ படம் இல்லை, கிரிக்கெட் படம். ஆனால் மட்டையைத் தூக்கிக்கொண்டு விஜயகாந்த் ரசிகர் ஒருவர் களம் இறங்கும்போது, 1989-இல் வந்த ‘பொன்மனச் செல்வன்’ படப் பாட்டு, ‘நீ பொட்டு வச்ச தங்கக் குடம்’ ஒலிக்கும்போது, பறந்து வரும் எந்த ஹீரோவுக்கும் கிடைக்காத விசில் கிடைத்தது. விஜயகாந்த் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதுவும் சேர்ந்துகொண்டது. மருமகன் என் காதில், “புதுப் பாட்டா மாமா? நல்லா இருக்கு” என்றான். பதில் சொல்ல எனக்குக் குரல் வரவில்லை.

எல்லா ரெஃபரன்சும் இப்படி வேலை செய்யாது. 2024-இல் வந்த ‘டெட்பூல் அண்டு வுல்வரின்’ படத்தில் சானிங் டாட்டம் ‘காம்பிட்’ என்ற பாத்திரமாக வருவார். அதில் என்ன சிரிப்பு என்றால், அவரை வைத்து அந்தப் பாத்திரத்துக்கென்று ஒரு தனிப்படம் எடுப்பதாகப் பல வருடம் பேசினார்கள், 2019-இல் ஃபாக்ஸ் நிறுவனம் டிஸ்னி கைக்குப் போனதோடு அது கைவிடப்பட்டது. அதாவது எடுக்கப்படாத படத்துக்கு ஒரு ரெஃபரன்ஸ்! சினிமாச் செய்தி விடாமல் படிக்கிறவனுக்கு விருந்து. மற்றவருக்கு, யாரோ ஓர் ஆள் சீட்டுக்கட்டை வீசுகிறார். எனக்கு இந்த வகை பிடிப்பதில்லை. கல்யாண வீட்டில் நாலு பேர் மூலையில் நின்று தங்களுக்குள் மட்டும் சிரித்துக்கொள்கிற மாதிரி இருக்கும். சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. அந்தக் குறிப்பு தெரியாது என்று வைத்துக்கொண்டு காட்சியைப் பாருங்கள். ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால், எழுதியவர் நம் ஞாபகத்திடம் வேலையை ஒப்படைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார் என்று அர்த்தம்.

இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. 2008-இல் ‘அயர்ன் மேன்’ வந்ததிலிருந்து மார்வெல் படங்கள் பெருகி, இப்போது தொடர்களும் சேர்ந்து, வெளிப்படங்களைத் தொடுவதைவிடத் தங்கள் சொந்தப் பழைய கதையைத் தொடுவதுதான் அதிகம். புதிதாக நுழைகிறவர் மாமியார் வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள் மாதிரி உட்கார வேண்டியதுதான். யார் யாருக்கு என்ன உறவு என்று தெரியவே இரண்டு தீபாவளி ஆகும்.

படமெடுப்பவர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. வின்டர் சோல்ஜர் படத்தின் தொடக்கத்தில், உறக்கத்தில் தவறவிட்டவற்றைக் கேப்டன் ஒரு சின்னக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருப்பார். தாய்லாந்துச் சாப்பாடு, ராக்கி என்று போகும். அந்தப் பட்டியலின் மேல் பகுதியை நாட்டுக்கு நாடு மாற்றிப் படம்பிடித்தார்கள். இங்கிலாந்தில் ஓடிய பிரதியில் பீட்டில்ஸ், 1966 உலகக் கிண்ணம். தென் கொரியாவில் 2002 உலகக் கிண்ணம், பந்தாட்டக்காரர் பார்க் ஜி சுங். கதை அதே கதை, கேப்டன் அதே கேப்டன். பார்க்கிறவர் ஞாபகம் மட்டும் வேறு என்று ஒரு தாளை மாற்றி ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

இதைச் சொன்னதும் மருமகன் பிடித்துக்கொண்டான். கேப்டன் சுங்கை சிப்புட்டில் கண் விழித்தால் அந்தத் தாளில் என்ன எழுத வேண்டும்? கைப்பேசியை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ‘உப்பின் இப்பின்’ என்ற மலேசியக் கார்ட்டூனை முதலில் போட்டான். பூப்பந்து வீரர் லீ சோங் வெய் என்றான், சண்டையில்லாமல் ஏற்றுக்கொண்டோம். நான் 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டு என்றேன், திடல் படம் என்றேன். திடல் படம் என்றால் என்ன என்று எழுத வேண்டும், இல்லாவிட்டால் கேப்டனுக்கு விளங்காது என்றான். கேப்டனுக்கா, உனக்கா என்றேன். பள்ளிக்கு வந்து மைலோ பானம் தரும் மைலோ வேனைச் சேர்ப்பதா வேண்டாமா என்று அக்காவும் அடுப்படியிலிருந்து வந்து கலந்துகொண்டாள்.

அப்பா அதுவரை பேசவில்லை. கடைசியில், “பெரட்ட போடு” என்றார். விடியற்காலை இருட்டில் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்க வைத்துப் பேர் கூப்பிட்டு, யாருக்கு எந்த மர நிரை என்று கங்காணி பிரித்துவிடுவாரே, அந்தப் பெரட்டு. மருமகன் தட்டினான். கைப்பேசி அதைத் தானாகவே ‘பரோட்டா’ என்று திருத்திக்கொண்டது. பட்டியல் இன்றைக்கும் அவன் கைப்பேசியில் அப்படியேதான் இருக்கிறது, லீ சோங் வெய்க்குக் கீழே பரோட்டா.